கிரெடிட்: வரவா, கடனா?



நாலு மாதத்துக்கு முன்னால் முடிச்சூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து, பிரதிநிதி தீர்மான நோட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு உறுப்பினர் தாமதமாக வந்தார். கையில் மைசூர்பாகு பாக்கெட். "எடுத்துக்கோங்கக்கா, எனக்குப் பணம் வந்திருக்கு" என்று எல்லோருக்கும் கொடுத்தார்.

என்ன பணம் என்று கேட்டோம். "தெரியலைங்க மேடம். பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துச்சு. பதினஞ்சாயிரம் கிரெடிட் ஆயிருக்குன்னு பையன் படிச்சுச் சொன்னான். உரிமைத் தொகை விட்டுப்போனதை எல்லாம் சேர்த்துப் போட்டுட்டாங்க போல. பொண்ணுக்கு ஒம்பதாயிரம் ஃபீஸ் கட்டிட்டேன்" என்றார்.

2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு மனு கொடுத்து, பெயர் வராமல் காத்திருந்தவர் அவர். அதனால் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் எங்களுக்கு மனதில் ஏதோ இடித்தது. போனை வாங்கிப் பார்த்தோம். வங்கி மெசேஜுக்கு அடுத்ததாக, ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் இன்னொரு மெசேஜ் இருந்தது. மாதம் 2,850 ரூபாய் வீதம் ஆறு மாதத் தவணை, முதல் தவணை அடுத்த மாதம் 5-ம் தேதி என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

வந்தது உரிமைத் தொகை இல்லை, கடன். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. போன வருஷம் அந்தச் சகோதரி செல்போனைத் தவணையில் வாங்கியிருக்கிறார். அப்போது கொடுத்த ஆதார், பான் விவரம் எல்லாம் அந்த நிறுவனத்திடம் இருந்தது. "உங்களுக்கு கிரெடிட் தயார்" என்று ஆப்பில் வந்த பட்டனைப் பையன் அமுக்கிவிட்டான். ஓ.டி.பி. கேட்டது, அதையும் போட்டுவிட்டான். ஏதோ ஆஃபர் என்று நினைத்தானாம். அவனுக்கு வயசு பதினாறு.

அந்தச் சகோதரி முகம் வாடிப்போச்சு. பிறகு எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "கிரெடிட்னா வரவுன்னு பாஸ்புக் பயிற்சியில நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க?"

உண்மைதான். நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். பயிற்சிக் கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அன்றைக்கு எங்களால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இந்த இதழில் எழுதுகிறோம்.

பாஸ்புக்கில் இருக்கும் கிரெடிட்

நம்ம சேமிப்புக் கணக்கு பாஸ்புக்கில் பணம் போட்டால் கிரெடிட், எடுத்தால் டெபிட். தமிழில் வரவு, பற்று. இதுவரைக்கும் சரி. சில பாஸ்புக்கில் மீதித் தொகைக்குப் பக்கத்தில் 'சி.ஆர்.' என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து அடித்திருக்கும். அது கிரெடிட்டின் சுருக்கம். கோடி ரூபாய்க்கும் இதே இரண்டு எழுத்தைத்தான் போடுகிறார்கள். 4,350-க்குப் பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டி, "இத்தனை கோடியை வெச்சுக்கிட்டா நான் ரேஷன் கடையில நிக்கிறேன்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். பாஸ்புக்கை எழுதுவது வங்கி. அது வங்கியின் பக்கத்தில் இருந்து எழுதிய கணக்கு. நாம் போட்ட பணத்தை வங்கி நமக்குத் திருப்பித் தர வேண்டும். அதனால் நம்மை வரவு வைத்து எழுதுகிறார்கள்.

இப்போது குழுவின் கடன் கணக்கு பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். அங்கே வங்கி நமக்குக் கொடுத்த தொகை டெபிட் பக்கம் இருக்கும். நாம் மாதாமாதம் கட்டும் தவணை கிரெடிட் பக்கம் ஏறும். அங்கே கிரெடிட் ஏற ஏறக் கடன் குறைகிறது. வங்கி கடன் கொடுத்த அன்றைக்கு ஒரே தொகை கடன் கணக்கில் டெபிட்டாகவும், குழுவின் சேமிப்புக் கணக்கில் கிரெடிட்டாகவும் விழும். நமக்கு மெசேஜ் வரும்போது இந்த இரண்டாவது பாதிதான் பளிச்சென்று கண்ணில் படுகிறது. அந்தச் சகோதரிக்கும் அதுதான் நடந்தது.

புரியும்படி சொன்னால், கல்யாணத்துக்கு வரும் மொய்யை நினைத்துக்கொள்ளுங்கள். கவரைப் பிரித்தால் பணம். கையில் வாங்குகிறோம், செலவு செய்கிறோம். ஆனால் மொய் நோட்டில் யார் பெயர், எவ்வளவு என்று எழுதி வைக்கிறோம் இல்லையா? அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். மொய் வரவா, கடனா என்று கேட்டால் நம்மில் யாருக்கும் பதில் தெரியும். மெசேஜில் வரும் 'கிரெடிட்' அந்தக் கவர் மாதிரி. பணம் உள்ளே வந்தது என்பதை மட்டும் சொல்லும். யார் போட்டார்கள், திருப்பித் தர வேண்டுமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சொல், மூன்று தமிழ்ப் பெயர்

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரு ஆங்கிலச் சொல்லைத் தமிழில் மூன்று விதமாக எழுதி வந்திருக்கிறோம். வங்கிக் கணக்கில் 'வரவு' என்றார்கள். கூட்டுறவில் 'கடன்' என்றார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் விவசாயிகளுக்கான கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. நாட்டிலேயே முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று அதைச் சொல்வார்கள். நம்ம தாம்பரத்தில் இருந்து ரொம்ப தூரம் இல்லை. அந்தப் பெயரில் 'கடன்' என்று இருப்பது ஆங்கிலத்தில் கிரெடிட்தான்.

மூன்றாவது பெயர் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்கள் நடத்தும் சங்கங்களின் போர்டைப் பார்த்திருப்பீர்கள். 'பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்' என்று எழுதியிருக்கும். அங்கே கிரெடிட் என்பதற்கு 'நாணயம்'. நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் வாக்குத் தவறாத குணமும்தான். "அந்தப் பொண்ணு நாணயமான பொண்ணு, சொன்ன தேதியில குடுத்துடும்" என்று சொல்கிறோமே, அது. ஆங்கிலச் சொல்லின் வேரும் அதுதான். லத்தீன் மொழியில் 'நம்புகிறேன்' என்ற சொல்லில் இருந்து வந்தது கிரெடிட். சர்ச்சில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்துக்கு ஆங்கிலத்தில் 'கிரீட்' என்று பெயர். அதுவும் ஒரே வேர். மளிகைக் கடை அண்ணாச்சி "கணக்குல எழுதிக்கிறேன், சம்பளம் வந்ததும் குடுங்க" என்று அரிசியை நிறுத்துப் போடுவது அந்த அர்த்தத்தில்தான். 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று போர்டு மாட்டியிருக்கும் கடையிலும் நமக்கு மட்டும் எழுதிக்கொள்கிறார் என்றால், அது நமக்கு அவர் கொடுக்கும் கிரெடிட்.

நம்ம குழுக்கள் நிற்பதே இந்த மூன்றாவது அர்த்தத்தில்தான். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களைத் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி நாடு முழுக்க 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கலாம் என்று ஒரு சோதனைத் திட்டம் போட்டது. அதுவரைக்கும் வங்கி வாசலில் போய் நின்றால் "என்ன அடமானம் வெப்பீங்க?" என்றுதான் முதல் கேள்வி. நகையும் இல்லை, பத்திரமும் இல்லை. ஒழுங்காகக் கூட்டம் போடுகிறோமா, சேமிக்கிறோமா, உள்கடனைத் திருப்பிக் கட்டுகிறோமா, நோட்டு எழுதுகிறோமா என்று பார்த்துக் கடன் கொடுத்தார்கள். முன்பு ரிசர்வ் வங்கி விதிப்படி குழுக்களுக்கு 10 லட்சம் வரை எந்த அடமானமும் கேட்கக் கூடாது என்று இருந்தது. 2021-ல் அந்த வரம்பை 20 லட்சம் வரை உயர்த்தினார்கள். தீர்மான நோட்டை நாலு கூட்டத்துக்குச் சேர்த்து ஒரே நாளில் எழுதும் குழுக்கள் (எந்தக் குழு என்று சொல்ல மாட்டோம்) இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சி.சி. பணம்

"எங்களுக்கு சி.சி. வந்திருக்கு" என்று பெருமையாகச் சொல்கிறோம். சி.சி. என்றால் கேஷ் கிரெடிட். இது சாதாரணக் கடன் மாதிரி மொத்தமாகக் கையில் கொடுப்பது இல்லை. இவ்வளவு வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரம்பு போடுகிறார்கள், அவ்வளவுதான். தேவைப்படும்போது எடுக்கலாம், கட்டலாம், மறுபடி எடுக்கலாம். எடுத்த தொகைக்கு, எடுத்து வைத்திருந்த நாளுக்கு மட்டும்தான் வட்டி.

இது தெரியாமல் சோமங்கலம் பக்கம் ஒரு குழு வரம்பு முழுவதையும் முதல் வாரமே எடுத்துவிட்டது. விட்டால் போய்விடும் என்று பயம். பாதிப் பேருக்குத்தான் அப்போது தேவை. மீதி 3 லட்சம் நாலு மாதம் குழுவின் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கடனுக்கு வருஷ வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நாலு மாதத்துக்கு 10,000 ரூபாய். சேமிப்புக் கணக்கில் 3 சதவீதம் வட்டி என்றால் வந்தது 3,000. ஒரு ரூபாய்ப் பொருள் வாங்காமல் 7,000 ரூபாய் போச்சு. பாஸ்புக்கில் பெரிய தொகை கிரெடிட்டில் தெரிந்ததால் குழு பலமாக இருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கார்டு

வங்கிக் கணக்கு தொடங்கும்போது கொடுக்கும் ஏ.டி.எம். கார்டு டெபிட் கார்டு. அதைத் தேய்த்தால் நம்ம கணக்கில் இருக்கும் நம்ம பணம் போகும். கிரெடிட் கார்டு பார்க்க அதே அளவு, அதே பளபளப்பு. தேய்த்தால் போவது வங்கியின் பணம். 40,000 லிமிட் என்றால் 40,000 நமக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. 40,000 வரை கடன்பட அனுமதித்திருக்கிறார்கள்.

குறித்த தேதிக்குள் முழுத் தொகையும் கட்டிவிட்டால் பொருள் வாங்கியதற்கு வட்டி இல்லை. சில சகோதரிகளின் பிள்ளைகள் அப்படிச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறார்கள், நாங்களே பார்த்திருக்கிறோம். ஆனால் பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று சின்னதாக ஒரு எண் இருக்கும். அதை மட்டும் கட்டினால் போதும் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். மிச்சத்துக்குப் பல கார்டுகளில் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் வட்டி. தண்டல்காரரை வேண்டாம் என்றுதானே குழுவில் சேர்ந்தோம்? இன்னொன்று, கிரெடிட் கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

சிபில் ஸ்கோர்

"சிபில் சரியில்லைன்னு லோன் குடுக்க மாட்டேன்னுட்டாங்க" என்று இப்போது ஊருக்குள் அடிக்கடி காதில் விழுகிறது. சிபில் என்பது 2000-ல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர். கடன் வாங்கியவர்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்ற விவரத்தை வங்கிகளிடம் இருந்து வாங்கித் தொகுத்து வைக்கிறது. இன்றைக்கு எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இதே வேலையைச் செய்கின்றன. 2005-ல் இதற்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. கிரெடிட் ஸ்கோர் 300-ல் இருந்து 900 வரை. அதிகமாக இருந்தால் நல்லது. இதுவும் அந்த 'நாணயம்' என்ற அர்த்தம்தான். முன்பு அண்ணாச்சியின் மனதில் இருந்தது, இப்போது கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது.

இதில் நமக்கு நேராகச் சம்பந்தப்பட்டது ஒன்று உண்டு. குழு வாங்கும் கடனில் ஒவ்வொரு உறுப்பினரின் விவரத்தையும் இந்த நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2016-ல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. "குழுக் கடன்தானே, என் பேருல இல்லையே" என்று இனி சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் நம்ம பேரில் ஏறும்.

நம்ம பேரில் என்ன ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்கு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், 2017-ல் இருந்து இது விதி. தப்பாக ஏதாவது இருந்து புகார் கொடுத்தால் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் நமக்கு இழப்பீடு. "சிபிலை ஏத்தித் தர்றேன், ரெண்டாயிரம் குடுங்க" என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னும் சில கிரெடிட்

கல்லூரியில் படிக்கும் பெண்ணின் மார்க் ஷீட்டில் 'கிரெடிட் 4' என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது கட்டணப் பாக்கி இல்லை. அந்தப் பாடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதைச் சொல்லும் எண். தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் துணி வாங்கி, சைஸ் சரியில்லை என்று திருப்பினால் பணத்துக்குப் பதில் 'கிரெடிட் நோட்' என்று சீட்டு கொடுப்பார்கள். அந்தக் கடையிலேயே அந்தத் தொகைக்கு வேறு பொருள் வாங்கலாம். கடைசித் தேதி போட்டிருக்கும், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் "கிரெடிட் எல்லாம் அவங்க எடுத்துக்கிட்டாங்க" என்று சொல்லும் கிரெடிட். வேலை செய்ததற்கான பேர், பாராட்டு. ஒரு கண்காட்சியில் நம்ம உறுப்பினர்கள் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் போட்ட ஊறுகாயைப் பெரியவர்கள் ருசி பார்த்துப் பாராட்டினார்கள். போட்டோவில் மட்டும் ஊறுகாய் போட்டவர்கள் யாரும் இல்லை. இந்த கிரெடிட்டுக்குத் தவணை, வட்டி எதுவும் கிடையாது. வசூலிப்பதுதான் கஷ்டம்.

பொய் கிரெடிட் ஒன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "உங்க கணக்கில் 8,000 கிரெடிட்" என்று ஒரு மெசேஜ் வரும். பின்னாலேயே போன் வரும். "அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போட வேண்டியது, தவறி உங்க நம்பருக்குப் போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க" என்று அழுவான். மெசேஜே பொய்யாக இருக்கும். வங்கியில் இருந்து வந்தது மாதிரி அவனே அடித்து அனுப்பியிருப்பான். மெசேஜை நம்பாமல் கணக்கின் மீதியைப் பாருங்கள். பணம் உண்மையிலேயே தவறி வந்திருந்தாலும் நீங்களாக அனுப்ப வேண்டாம், வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பணம் உங்களுக்கு வருவதற்கு பின் நம்பர் போட வேண்டிய அவசியமே இல்லை. பின் கேட்டாலே பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அந்தச் சகோதரிக்கு என்ன ஆச்சு?

போனில் வாங்கும் கடனுக்கு ரிசர்வ் வங்கி சில விதிகள் போட்டிருக்கிறது. வட்டி, கட்டணம், தவணை எல்லாவற்றையும் எழுதி ஒரு விவரத் தாள் தர வேண்டும். வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். கடன் வேண்டாம் என்றால், குறைந்தது ஒரு நாளாவது அவகாசம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி அபராதம் இல்லாமல் முடித்துக்கொள்ளலாம். நிறுவனம் புகாரைக் கேட்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் சொல்லலாம். ஆனால் நாங்கள் மெசேஜைப் பார்ப்பதற்குள் பணம் வந்து இருபது நாள் ஆகிவிட்டது. அவகாசம் முடிந்துபோச்சு.

தவணைப்படி கட்டினால் ஆறு மாதத்தில் 17,100 ரூபாய். குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் மாதம் நூற்றுக்கு ஏறக்குறைய நாலு ரூபாய் வட்டி. நம்ம குழுவில் ஒரு ரூபாய். அன்றைக்கே பிரதிநிதி தீர்மான நோட்டை மறுபடி திறந்தார். அந்தச் சகோதரிக்கு 10,000 உள்கடன் என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு உறுப்பினர் மட்டும் "பையன் செஞ்ச தப்புக்கு நாம எதுக்குக் குடுக்கணும்?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். அரைமணி நேரம் பேசி, மாதம் ஆயிரம் வீதம் பத்து மாதத்தில் கட்ட வேண்டும் என்று முடிவானது. கணக்கில் மிச்சம் இருந்ததையும் சேர்த்து, மறுநாள் 15,400 ரூபாய் கட்டி அந்தக் கடனை முடித்தார். முடித்ததற்கான சான்றையும் எழுத்தில் வாங்கினோம். அது இல்லாவிட்டால் சிபிலில் கடன் பாக்கியாகவே நிற்க வாய்ப்பு உண்டு.

இதுவரை மூன்று தவணை கட்டியிருக்கிறார். பையனின் போனில் இருந்து அந்த ஆப்பையும் எடுத்தாச்சு. வரும் கூட்டத்துக்கு எல்லோரும் போனைக் கொண்டு வாருங்கள். கடந்த இரண்டு மாதத்தில் வந்த கிரெடிட், டெபிட் மெசேஜ்களை ஒவ்வொன்றாகச் சேர்ந்து படிக்கலாம். அடுத்த இதழில் 'இன்ட்ரஸ்ட்' என்ற சொல்லை எடுக்கலாம் என்று இருக்கிறோம். வேறு ஏதாவது சொல் உங்களைக் குழப்பியிருந்தால் கூட்டமைப்பு அலுவலகத்தில் சொல்லி அனுப்புங்கள்.